பதினொரு ஓடுகள்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் தளம், இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு டங்ஸ்டன் ஓடு.
தீப்பெட்டியில் பாதிதான்,
தூக்கினால் தங்கத்தின் கனம்.
(வீட்டில் சொன்னேன்; கனம் மட்டுமா என்று கேட்டார்கள்.)
இதன் முகத்துக்கு எதிரே
பத்துக் கோடி பாகை கொதிக்கும் என்கிறது
ஆர்டர் தாளின் நான்காம் பக்கம்.
அந்தக் கொதிப்பை நம்புவது என் வேலை அல்ல.
மயிரிழை விரிசல் இருக்கிறதா,
அவ்வளவுதான்.

எந்த நாட்டுக்குப் போகிறதென்று பெட்டியில் இருக்காது.
அங்கே வளையமாக ஒரு கூடம், உள்ளே
ஹைட்ரஜன் கருக்கள் இரண்டு
ஒட்டமாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு நிற்கும்.
ஒட்டவைக்கத்தான் இத்தனை கோடி செலவு.
சம்பந்தி வீட்டார் மாதிரி என்றேன்.
சியூ லிங்குக்குச் சம்பந்தியை விளக்குவதற்குள்
டீ நேரம் முடிந்துவிட்டது.

கடல்தண்ணீரே எரிபொருள், புகை இல்லை, சாம்பல் இல்லை,
இன்னும் முப்பதே வருஷம் என்பார் தவசீலன்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் முப்பதுதான்.
அப்போது எனக்கு இருபத்து மூன்று.
கடல் பாதி எரிபொருள்தான் தரும்.
மறுபாதி டிரிட்டியம்;
உலகம் முழுக்கத் துடைத்தெடுத்தாலும்
இரண்டு மூன்று அரிசிப் பைக்கு மேல் தேறாதாம்.
சாம்பல் இல்லை, சரி.
நியூட்ரான் அடித்து அடித்து
இந்த ஓடே ஒருநாள் கதிர்வீசும் குப்பையாகும்.
அதைக் கழற்றி எடுக்க ஒரு கை வேண்டும்.
இயந்திரக் கை, என்கிறது ஏழாம் பக்கம்.

அதிகாலை இரண்டு நாற்பது.
விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.
அரை வினாடிகூட இல்லை.
எங்கோ ஒரு கேபிளை மழைத்தண்ணீர் நக்கியிருக்கும்.
உலையின் வெற்றிடப் பம்பு இருமி நின்றது,
ரஃபிகுல் ஓடினான்,
அவனுக்கு முன்னால் காற்று ஓடிவிட்டது.

ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தோம்.
பதினொரு ஓடும்
மஞ்சள் பூசிக் குளித்தது போல,
ஓரத்தில் கொஞ்சம் நீலம்.
அழகு.
எதற்கும் ஆகாது.

இந்த உலை தின்னும் கரண்டில்
மஞ்சோங் கரையில் கப்பல் கப்பலாய் இறங்கும் கரியும் உண்டு.
கரியைக் கொளுத்தி
சூரியனுக்குச் சுவர் வைக்கிறோம் என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
ரஃபிகுல் கையுறையைக் கழற்றிக்கொண்டே
அவனுடைய மலாயில் கேட்டான்:
"கக், எங்க ஊர்ல உப்புத்தண்ணி வயலுக்குள்ள வந்திருச்சு.
முப்பது வருஷம் அது வெளிய நிக்குமா?"

பாரத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இந்தக் கூடத்துக் காசில்
எத்தனை கூரைக்குச் சூரியத் தகடு போடலாம்.
கூரையே போனவனை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பேனா அங்கே நின்றது.
இரண்டு நாற்பதுக்கு
எந்தத் தகடும் விழித்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.
விழித்திருப்பவள் நான்தானே.

பதினொன்றுக்கும் தள்ளுபடி எண் எழுதினேன்.
நேற்றைய தட்டில் ஒன்று பாக்கி இருந்தது.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
விரிசல் இல்லை.
முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் வைத்தேன்.
இதை நம்பிக்கை என்று யாரும் எழுதவேண்டாம்.
இல்லாத விரிசலை இருக்கிறதென்று எழுதக்
கை வரவில்லை.

ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ்.
பாலத்தின் நடுவில் வளைவு திரும்பியதும்
கிழக்கு நேராக முகத்தில் அறைகிறது.
நாற்பது பேரும் கண்ணைத் திறக்காமலே
கையை நீட்டித் திரையை இழுத்துவிடுகிறோம்.
தூங்கவேண்டும்.
சியூ லிங்கின் ஜன்னல் திரைக்கு மட்டும்
போன மாதத்திலிருந்து கொக்கி இல்லை.